ஈசானிய மூலையில் டெவ்லின் குடும்பம்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள் நியூ ஜெர்ஸிப் பக்கம் வந்ததில்லை. இங்கே வீட்டை நாம் கட்டுவதில்லை. பில்டர் கட்டுகிறான். நம் வேலை, சனிக்கிழமை தவறாமல் போய் நின்று, இந்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது. 1998-ல் வசந்தம் தொடங்கிக் கோடை முடியும்வரை கண்மணியும் நஞ்சுண்டனும் அந்த வேலையைத்தான் பார்த்தார்கள்.

இருவருக்கும் ஈரோடு ஜில்லா. அவள் பெருந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவனும் அப்படிப்பட்ட வீட்டுப் பையன்தான், ஆனால் இப்போது உழுவது கம்ப்யூட்டரில். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போய்விடும் என்று உலகம் பயந்த பயத்தில் அவனுக்கு நல்ல வேலை. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் அடுத்தவன் குழம்பு வாசனையைச் சகித்துக்கொண்டு நாலு வருஷம் இருந்தபிறகு, கால்மணி நேர தூரத்தில் ஒரு புது வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். அந்த இடத்துக்கு ‘டெவ்லின் ஃபார்ம் எஸ்டேட்ஸ்’ என்று வாசலில் போர்டு. உள்ளே போனால் ஃபார்மும் கிடையாது, டெவ்லினும் கிடையாது. எதை ஒழித்துக்கட்டினார்களோ அதன் பெயரை அழகான எழுத்தில் எழுதி வாசலில் வைப்பது இந்த நாட்டு வழக்கம்.

அவர்கள் மனையின் வடகிழக்கு மூலையில் முட்புதர் மண்டிக் கிடந்தது. அதற்குள் இரண்டு சிடார் மரங்கள். மரத்தடியில் சில கற்கள், வரிசையாக, நட்டுவைத்ததுபோல் நின்றன. உளி படாத கற்கள். ஒன்றிலும் எழுத்து இல்லை.

“ஏனுங்க, நம்ம கன்னிமாராட்ட இருக்குதுங்க,” என்றாள் கண்மணி. அவர்கள் தோட்டத்து மூலையிலும் வேம்படியில் இப்படித்தான் கற்கள் உண்டு. கன்னிமார் சாமி. அந்தப் பக்கம் செருப்போடு போனால் அவள் அப்பா தோலை உரித்துவிடுவார்.

நஞ்சுண்டன் சிரித்தான். “அமெரிக்காக்காரன் எங்க புள்ள கன்னிமார் வெச்சுக் கும்புடறான்? காடு உழுகறப்பத் தட்டுப்பட்ட கல்லைப் பொறுக்கி ஓரமாப் போட்டிருப்பான். நாம வரப்புல போட மாட்டமா?”

அவளும் சிரித்துவிட்டாள். கல்லில் சாமியைப் பார்ப்பதெல்லாம் பெருந்துறையோடு முடிந்தது, இங்கே கல் வெறும் கல்தான் என்று நினைத்தாள்.

அன்று மாலை ஊருக்குப் போன் போட்டார்கள். நஞ்சுண்டனின் அப்பா வெள்ளியங்கிரிக் கவுண்டர், மனையின் நீள அகலத்தைக் கேட்டார், வாசல் எந்தத் திசை என்று கேட்டார், கடைசியில் கற்களின் விஷயத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினார். “ஈசானிய மூலைல பாரமா? ஆகவே ஆகாது சாமி. அது பள்ளமா, காலியாக் கெடக்கோணும். புள்ள குட்டிக்கு ஆகாது. மொதல்ல அதை எடுத்துப்போடச் சொல்லு.”

நஞ்சுண்டன் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பான். விடாதவள் கண்மணிதான். மூத்தவள் யாமினிக்கு ஐந்து வயது. அவளுக்கு அடுத்ததாக வயிற்றில் தங்கியது, இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. பிள்ளைக்கு ஆகாது என்று ஒருவர் வாயால் கேட்டபிறகு அவளால் தூங்க முடியவில்லை. மறுநாளே சேல்ஸ் ஆபீஸுக்குப் போய், அந்த மூலையைச் சுத்தம் பண்ணித் தாழ்த்தித் தர முடியுமா என்று கேட்டாள். குளியலறை டைல்ஸை மாற்றுவதற்கே தனியாகக் காசு கறந்தவர்கள், இதற்குச் சரியென்று உடனே தலையாட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை போனபோது புதர், மரம், கல் எதுவும் இல்லை. மொழுமொழுவென்று மண் மட்டும் கிடந்தது. கண்மணிக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடி போனார்கள். போன இரண்டாவது வாரம், பகல் வேளையில், ஒரு வெள்ளைக்காரக் கிழவி கைத்தடியோடு கதவைத் தட்டினாள். எண்பது வயதை ஒட்டியிருக்கும். இன்னொரு கையில் பாத்திரம், ஆப்பிள் போட்டுச் செய்த கேக். ரூத் டெவ்லின் என்று பெயர் சொன்னாள். போர்டில் பார்த்த பெயருக்கு ஆள் இருக்கிறது என்று கண்மணிக்கு அன்றுதான் தெரிந்தது.

“வசந்தத்துல இடுப்பு எலும்பு முறிஞ்சு ட்ரென்டன்ல படுத்துக் கிடந்தேன். இல்லேன்னா அப்பவே வந்திருப்பேன்,” என்றாள் ரூத். “உங்க வீட்டுப் பின்பக்கம் வழியாப் போய் எங்க ஆளுங்களைப் பார்த்துட்டு வரட்டுமா?”

பின்வீட்டில் இருந்தது பரோடாப் பட்டேல் குடும்பம். இந்தக் கிழவிக்கு அவர்கள் எந்த வழியில் சொந்தம் என்று கண்மணிக்கு விளங்கவில்லை. ஆனாலும், “போய்ட்டு வாங்க ஆன்ட்டி, அவங்க வீட்லதான் இருக்காங்க,” என்றாள்.

ரூத் பட்டேல் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வடகிழக்கு மூலைக்குப் போனாள். புதிதாக விரித்த புல் நடுவில் நின்று, முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாள். திரும்ப வந்தாள். கண்மணி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெறுங்காலோடு ஓடினாள்.

“இங்கே கல் இருந்துதே,” என்றாள் ரூத். “எங்க ஆளுங்க இங்கேதானே இருந்தாங்க.”

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. பில்டர் எடுத்திருப்பான், எங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்தது விஷயம். கண்மணிக்கு நாக்கு எழவில்லை. “நான்தான் எடுக்கச் சொன்னேன் ஆன்ட்டி,” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழ வேண்டிய கிழவி அழாமல் நிற்க, இவள் நின்று அழுதாள்.

ரூத் திட்டியிருந்தால் தேவலாம். அவள் பின்வாசல் படியில் மெல்ல உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு கல்லுக்குக் கீழே இருந்தவர்கள் யார் என்று சொன்னாள்.

பேட்ரிக் டெவ்லின் அயர்லாந்தில் குத்தகை விவசாயி. குத்தகையை ஏற்றி ஏற்றி, கடைசியில் நிலத்துக்காரன் அடுப்பை உடைத்து வெளியே தள்ளினான். கப்பலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாததால் ஏழு வருஷ உழைப்பை முன்கூட்டியே விற்றுவிட்டுக் கப்பல் ஏறினான். அப்போது இந்த நாட்டுக்குத் தனிக் கொடி இல்லை. லண்டனில் இருந்த ராஜாவின் காலனி. பின்னால் நம்மையும் ஆண்ட அதே சிம்மாசனம்தான். ஏழு வருஷம் எவன் வீட்டிலோ மாடாக உழைத்து முடித்து, தன்னைப்போலவே விற்கப்பட்டு வந்த ஹானோரா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, காட்டை வெட்டி இந்த நிலத்தைத் திருத்தினான். நாலு பிள்ளைகள். ஒரே பனிக்காலத்தில் தொண்டை அடைக்கும் நோய் வந்து நாலும் போயின. மண் பனியில் இறுகிக் கிடந்தது. அதன்மேல் தீ மூட்டி இளக்கி, பேட்ரிக் குழி வெட்டினான். ஒரு குழி ஆறுவதற்குள் அடுத்தது. அதற்குப் பின் பிறந்த ஒரு மகனின் வழியில் வந்ததுதான் ரூத்தின் குடும்பம்.

“அவருக்கு எழுதத் தெரியாது,” என்றாள் ரூத். “அதனால உழவுல கிடைச்ச கல்லுல, ஒவ்வொரு பிள்ளை உயரத்துக்கும் தக்கபடி தேடி நட்டாராம். பெரியவனுக்குப் பெருசு, கைக்குழந்தைக்குச் சின்னது. பிற்பாடு அவரும் அவர் பொண்டாட்டியும் பக்கத்துல படுத்தாங்க.”

கண்மணிக்கு அந்தச் சின்னக் கல் ஞாபகம் இருந்தது. ஒரு சாணுக்குமேல் இராது. நட்ட கல்லென்று கண்ணுக்குத் தெரிந்தது, கன்னிமார் என்று வாய் சொன்னது, அப்புறமும் புத்திக்கு எட்டவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். தன் வயிற்றில் தங்காமல் போனதை நினைத்து, அடுத்ததாவது தங்க வேண்டுமே என்ற பயத்தில், இன்னொருத்தி பிள்ளைகளின் தலைமாட்டைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். அதற்கு என்ன பரிகாரம் உண்டு என்று எந்த ஜோசியனைக் கேட்பது?

“எங்களுக்கு முன்னால லெனாப்பிங்கற பழங்குடி ஜனங்க இங்கே இருந்தாங்க,” என்று ரூத் தானாகவே சொன்னாள். “உழும்போது அவங்க அம்பு முனை வரும். எங்கப்பா சுருட்டு டப்பாவுல போட்டு வைப்பார். அவங்க எங்கே புதைஞ்சிருக்காங்கன்னு நாங்க யாரும் கேட்டதில்லை. அதனால உன்மேல கோபப்படறதுக்கு எனக்கு வாயில்லை. ஆனா ஃப்ராங்குக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

ஃப்ராங்க் அவள் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த நிலத்தையே கட்டிக்கொண்டு அறுபது வருஷம் உழுதவர். முடியாமல் போனபிறகுதான் நிலத்தை விற்றார்கள். விற்கும்போது, மூலையில் இருக்கும் சமாதிகளைத் தொடக்கூடாது, என்னையும் அங்கேதான் புதைக்க வேண்டும் என்று கேட்டார். வாங்கியவன் சரியென்று கைகொடுத்தான். கைகொடுத்தால் போதும் என்பது டெவ்லின்களின் கணக்கு. வாங்கியவன் இன்னொரு பில்டருக்கு விற்றான். நிலம் கைமாறியபோது வாக்கு கைமாறவில்லை. ஃப்ராங்க் இப்போது முதியோர் விடுதியில் இருந்தார். இதயம் இந்தப் பனிக்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் ஆட்களோடு போய்ப் படுப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

அன்று மாலை நஞ்சுண்டனிடம் எல்லாவற்றையும் சொன்னாள் கண்மணி. அவன் முதலில் கத்தினான். “சமாதி இருக்குதுன்னு தெரிஞ்சா இந்த ஊட்டை எவன் வாங்குவான்? ரீசேல் வேல்யூ என்ன ஆகும்னு யோசிச்சியா?” அப்புறம் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்து அந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்தான். “அந்தப் பெரியவர் கேக்கறது ஆறடிதான?” என்றான் பிறகு. “குடுத்துப்போடலாம். நாளைக்கு டவுன்ஷிப் ஆபீஸுக்கு நானே கால் பண்றேன்.”

நல்ல மனசுக்குப் பஞ்சமில்லை, அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல். டவுன்ஷிப் அதிகாரியும் நல்ல மனுஷர். புது இடத்தில் புதைக்க அனுமதிக்க முடியாது, ஆனால் பழைய குடும்பச் சமாதி இருந்தது உண்மையானால் அந்தத் துண்டைத் தனியாகப் பிரித்து ஒதுக்கலாம், இடம் எதுவென்று யாராவது காட்டினால் போதும் என்றார். பில்டரின் ஆளும் நல்லவன்தான். வருத்தப்பட்டான். கல்லெல்லாம் மற்ற மனைகளின் கல்லோடு சேர்ந்து அரைபட்டு ரோட்டுக்கு அடியில் போய்விட்டது என்றான். நிலத்தையே மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிச் சமன் செய்திருந்தார்கள். எதற்கும் பார்க்கலாம் என்று ஒரு நிபுணர் வந்தார். இந்த மண்ணில் இத்தனை காலத்துக்கு எலும்புகூட மிஞ்சாது, அங்கே சமாதி இருந்தது என்பதற்கு அந்தக் கற்கள்தான் ஒரே சாட்சி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்மணி சனிக்கிழமை போட்டோக்களை எல்லாம் எடுத்துக் கடைபரப்பினாள். வீட்டின் எலும்புக்கூடு, கூரை, ஜன்னல், செங்கல்மேல் ஏறி நிற்கும் யாமினி, எல்லாம் இருந்தன. அந்த மூலை மட்டும் ஒன்றிலும் இல்லை. புதர் தெரிந்தால் ஊரில் அசிங்கமாக நினைப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அவள்தான், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி எடுங்க என்று சொல்லியிருந்தாள்.

ஊரில் மாமனாருக்கு விஷயம் தெரிந்தது. “நட்ட கல்லைப் புடுங்கலாமா சாமி? நம்ம சனமே இப்படிப் பண்ணலாமா?” என்றார். எடுத்துப்போடச் சொன்ன வாய்தான் அது. கண் கெட்டபிறகு எல்லோருக்கும் சூரிய நமஸ்காரம் ஞாபகம் வருகிறது. கண்மணி போனை நஞ்சுண்டனிடம் கொடுத்துவிட்டாள்.

ரூத்தாலும் இடத்தைச் சரியாகக் காட்ட முடியவில்லை. மரத்தைப் பார்த்துப் போய்ப் பழகியவள். மரம் இல்லாமல் அவள் கண் தவித்தது. “ஃப்ராங்க் காட்டுவான்,” என்றாள் கடைசியில். “அறுபது வருஷம் அந்தக் கல்லைச் சுத்தி டிராக்டரைத் திருப்பினவன். எந்த வருஷம் எந்த வயல்ல என்ன போட்டான்னு இன்னைக்கும் ஒப்பிப்பான். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட அங்கே போய் நிப்பான்.” கற்கள் போனதை அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றாள். சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

அக்டோபரில் ஒரு காலை, விடுதி வேன் வந்தது. கண்மணி விடிந்ததும் எழுந்து குளித்திருந்தாள். புல்லின் மேல் கிடந்த நாற்காலி, யாமினியின் சைக்கிள், எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தாள். நஞ்சுண்டன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, கையில் சுத்தியலும், ஆரஞ்சு ரிப்பன் கட்டிய மரக்குச்சிகளுமாக நின்றான். பெரியவர் விரல் நீட்டும் இடத்தில் குச்சி அடிப்பதாக ஏற்பாடு; அதைப் பார்க்க அன்றைக்கே டவுன்ஷிப் ஆளையும் வரச் சொல்லியிருந்தான்.

“இஸ் ஹி மை கிராண்ட்ஃபாதர்?” என்று கேட்டாள் யாமினி.

“இல்ல கண்ணு. பேசாம நில்லு.”

சக்கர நாற்காலியில் ஃப்ராங்க் இறங்கினார். மெலிந்த உடம்பு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஆனால் கை மட்டும் உழவர் கை. கண்மணிக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. நஞ்சுண்டன் நாற்காலியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். மூலையில் புல்லின் நடுவில் நிறுத்தினான். ரூத் அண்ணன் தோளில் கை வைத்துக்கொண்டாள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கண்மணி தனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வேண்டிக்கொண்டாள்.

ஃப்ராங்க் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி கூரைகள்.

“ரூத்தி, வழி தப்பிட்டே,” என்றார்.

“இல்லை ஃப்ராங்க். இதுதான். நல்லாப் பாரு.”

“என்கிட்டயா சொல்றே? நம்ம நிலம் மேற்கே ஏறி, கிழக்கே ஓடைக்கு இறங்கும். இங்கே ஏத்தம் எங்கே, ஓடை எங்கே? இது வேற யாரோட இடமோ.” அவர் குனியப் பார்த்தார். முடியவில்லை. கண்மணியைப் பார்த்து, “கொஞ்சம் மண் எடுத்துக் குடும்மா,” என்றார்.

அவள் மண்டியிட்டுப் புல்லை விலக்கி, விரலால் தோண்டி ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கீழே கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

“எங்க மண் இது இல்லை,” என்றார். “எங்கேயோ இருந்து கொண்டுவந்து கொட்டினது.”

அதுவும் உண்மைதான். நல்ல மேல்மண்ணை வழித்து விற்றுவிட்டு, புல் விரிப்பதற்கு வேறு மண் கொண்டுவந்து கொட்டியதாக பில்டரின் ஆளே சொல்லியிருந்தான். ரூத் வாயைத் திறந்தாள். மண்ணை வித்துட்டாங்க, மேட்டை வெட்டிட்டாங்க, மரத்தைச் சாய்ச்சுட்டாங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால், அந்தக் கற்கள் என்ன ஆயின என்று கேட்பார். அவள் வாயை மூடிக்கொண்டாள். நஞ்சுண்டன் குச்சிகளைப் பிடித்தபடி நின்றான். எங்கே அடிப்பது?

ஃப்ராங்குக்குச் சங்கடமாகப் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட கூச்சம். தலையில் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கம்மா. என் தங்கச்சிக்கு வயசாயிடுச்சு. பாதை மறந்துபோகுது. உங்க வேலையைக் கெடுத்துட்டோம்.” கண்மணியின் விரல் நகங்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். “நீங்களும் விவசாயம் பண்ற குடும்பமோ?”

“ஆமா அங்கிள்,” என்றாள் கண்மணி.

“பார்த்தாலே தெரியுது. எங்க இடத்தைப் பார்க்கணும் நீங்க. இதைவிட நல்லா இருக்கும். எங்க ஆளுங்க அங்கேதான் படுத்திருக்காங்க, முதல்ல வந்தவரும் அவர் பிள்ளைங்களும். நானும் சீக்கிரம் அங்கே போயிடுவேன். ஒருநாள் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. டெவ்லின் இடம்னு கேட்டா யாரும் வழி சொல்வாங்க.”

கண்மணி ரூத்தைப் பார்த்தாள். ரூத் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்றோம் அங்கிள்,” என்றாள் கண்மணி. “கண்டிப்பா வர்றோம்.”